கிராம சபையில் பிள்ளைகளுக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆகஸ்ட் 15 அன்று எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கொடியேற்றி முடிந்ததும், ஆடிப்பாடிய பிள்ளைகள் மிட்டாயை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அதே வளாகத்திலோ பக்கத்துச் சமுதாயக் கூடத்திலோ கிராம சபை தொடங்கும். பள்ளிச் சுற்றுச்சுவர், குடிநீர், தெருவிளக்கு, அங்கன்வாடிக் கட்டடம், காலையில் வராத டவுன் பஸ் என்று இதையெல்லாம் தினமும் புழங்குகிறவர்களை அனுப்பிவிட்டு நாம் உட்கார்ந்து இதையே பேசுகிறோம். ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் நான் போன கிராம சபைகளில் பெரும்பாலும் இப்படித்தான்.

சட்டப்படி கிராம சபை உறுப்பினர் என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். ஆக, பதினேழு வயதுவரை எல்லாரும் வெளியே. தீர்மானத்துக்குக் கை தூக்கவோ கையெழுத்துப் போடவோ அவர்களுக்கு உரிமை கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஓட்டு வயது 21இலிருந்து 18 ஆனதே 1989இல்தான், அதற்கு முன்னால் இருபது வயதுப் பையனையும் 'சின்னப் பையனுக்கு என்ன தெரியும்' என்றுதான் உட்கார வைத்திருப்பார்கள். நான் கேட்பது இரண்டே விஷயம்: முடிவெடுக்கும் முன்னால் அவர்களைக் கேளுங்கள், கேட்டதற்கு அப்புறம் பதில் சொல்லுங்கள்.

இதில் புதுசாக ஒன்றும் இல்லை. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தது, 1992 டிசம்பரில் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்பும் தரவேண்டும் என்கிறது அதன் 12ஆவது பிரிவு.

ஒரு தடவை முதியோர் உதவித்தொகை பற்றிக் கேட்கவந்த பாட்டி ஒருவரோடு ஒன்பதாவது படிக்கும் பேத்தியும் வந்திருந்தாள். பள்ளிக் கழிப்பறை கட்டி முடிக்கப்பட்டது, இவ்வளவு செலவு என்று வரவு செலவு வாசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை எழுந்து நின்று, "ஏனுங்க, அதுல உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லீங்க" என்றாள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ளவேண்டுமாம். வீட்டுக்குத் தூரமான நாட்களில் பல பிள்ளைகள் பள்ளிக்கே வருவதில்லையாம். கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சுவருக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, போட்டோ எடுத்தாயிற்று, கணக்கிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கதவைச் சாத்திப் பார்த்தவர் ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை, அந்தப் பிள்ளையைத் தவிர. "சரி கண்ணு, போட்டுரலாம்" என்றார் தலைவர். போட்டும் கொடுத்தார்கள்.

அதே மூச்சில் அவள் இன்னொன்றும் கேட்டிருந்தாள். காலை பஸ் பத்து நிமிஷம் முன்னால் வந்தால் முதல் பீரியட் தவறாது என்று. பஸ் நேரத்தை மாற்றுவது ஊராட்சியின் கையில் இல்லை, போக்குவரத்துக் கழகம்தான் மாற்றமுடியும். அதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம் இல்லையா? 'எழுதிப் போட்டிருக்கிறோம், பதில் வந்ததும் சொல்கிறோம்' என்ற ஒரு வரி போதும். யாரும் சொல்லவில்லை. கேட்டும் பதில் வராத பிள்ளை அடுத்த தடவை எதற்கு வாய் திறக்கும்? பதினெட்டு வயதானபின்னும் 'கூட்டத்துக்குப் போய் என்ன ஆகப்போகுது' என்றுதான் அது சொல்லும். இன்றைக்குக் கூட்டம் செல்லுபடியாகத் தேவையான எண்ணிக்கைக்கு (கோரம்) ஆள் பிடிக்க வீடு வீடாகப் போகவேண்டியிருக்கிறதே, அது எங்கிருந்து தொடங்குகிறது என்று நினைக்கிறீர்கள்?

ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்து யுனிசெஃபுக்கு எழுதினார். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகள் ஒப்பிப்பது, அலங்காரத்துக்கு நிறுத்திவைப்பது, பெயருக்கு ஒருவரை உட்கார வைப்பது. நம் விழாக்களைப் பார்த்தால் மூன்றுமே இருக்கிறது. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் குழந்தைகளின் பிரதிநிதிகளாக இரண்டு பேர் இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது, நல்ல விதி. ஆனால் யாரை எடுக்கிறோம்? நன்றாகப் படிக்கிற, மேடையில் தெளிவாகப் பேசுகிற பிள்ளையை. பத்தாவதோடு நின்று பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகிற பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. அந்தக் குழு யாருக்காக இருக்கிறதோ, அந்தப் பிள்ளையே அவள்தான்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. திருப்பூரைச் சுற்றிலும் ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் இருக்கின்றன. பெரும்பாலான பெற்றோருக்கு இங்கே ஓட்டு இல்லை, அதனால் கிராம சபையிலும் இடமில்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் நம் பள்ளியில் தமிழ் படித்து, ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அம்மாவுக்காகப் பேசுகின்றன. அந்த லைன் வீட்டுத் தண்ணீர்ப் பிரச்சினையை ஊராட்சியில் எடுத்துச் சொல்ல இந்தப் பிள்ளைகளை விட்டால் வேறு ஆளே கிடையாது.

தாளவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே ஊராட்சிகளில் குழந்தைகளுக்கென்றே தனியாகக் கிராம சபை நடத்துகிறார்கள். வாளையாறு தாண்டினால் கேரளம், அங்கே குடும்பஸ்ரீ என்ற அரசின் மகளிர் குழுத் திட்டத்தின் கீழ் பாலசபைகள், அதாவது பிள்ளைகளுக்கான சபைகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் இவ்வளவு கிட்டத்தில் நடக்கிறதை நாம் இன்னும் எட்டிப் பார்க்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

படிப்பு கெட்டுவிடும், கட்சி அரசியல் புகுந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவவில்லை என்று சொல்வதில் கட்சி எங்கே வந்தது? எனக்கு இருக்கிற பயம் வேறு. ஊருக்குள் ஒரே ஒரு கூட்டம் போட்டால், காலனிப் பிள்ளைகள் வந்தாலும் பின்னால்தான் நிற்பார்கள், வாய் திறக்கமாட்டார்கள். அவர்களுடைய பெரியவர்கள் அப்படி நிற்பதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அதனால் குடியிருப்புக்கு ஒன்றாக, அவரவர் இடத்திலேயே முதலில் உட்காரவேண்டும். பேர் போடாமல் சீட்டில் எழுதிப் போடவும் வழி வேண்டும். பதினாறு வயதில் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று எந்தப் பிள்ளையும் எழுந்து நின்று சொல்லமாட்டாள்.

நவம்பர் 14ஐ ஒட்டி இதைத் தொடங்கலாம். அதிலிருந்து ஜனவரி 26 வரை இரண்டு மாதம் கையில் இருக்கும். பிள்ளைகள் சொன்னதை ஜனவரி 26 கிராம சபையில் முதல் பொருளாக வைக்கவேண்டும். தேர்ந்தெடுத்த தலைவர் இருந்தாலும், அவர் இல்லாதபோது பொறுப்பில் இருக்கும் தனி அலுவலர் இருந்தாலும், முடிந்தது எது, முடியாதது எது, ஏன் முடியாது என்று எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும். ஊராட்சி நிதியில் இதற்குத் தனியாக எதுவும் ஒதுக்கவேண்டியதில்லை. உங்கள் ஊரில் அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். நான் எங்கள் ஊரில் கொடுக்கப்போகிறேன்.