தனியாரிலிருந்து அரசுக்கு: 36 வயதில் ஒரு தாவல்

09.06.2024, ஞாயிறு

டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 4 தேர்வு எழுதிவிட்டு வந்தேன். 9 மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்பதால் எட்டரைக்கே மையத்துக்குப் போய்விட்டேன். முன் பெஞ்சுப் பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். திரும்பிப் பார்த்து, "அக்கா, நீங்க இன்விஜிலேட்டரா?" என்றாள். இல்லைம்மா, உனக்குப் போட்டி.

200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ்ப் பகுதி 100 கேள்வி; அதில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் வராவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். தெரியாத கேள்வியைச் சும்மா விடக்கூடாது, 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவது வட்டம் ஒன்று இருக்கிறது, அதைக் கருப்பாக்க வேண்டும். முடிந்தபின் ஏ எத்தனை, பி எத்தனை என்று எண்ணி எழுதுவதற்கே 15 நிமிடம் தருகிறார்கள். கோடிக்கணக்கில் வசூல் கணக்கைத் தினமும் டேலி செய்கிறவள் நான். 200 வட்டத்தைக் கூட்டும்போது கை வேர்த்துவிட்டது.

நான் பி.சி., பட்டதாரி. பத்தாம் வகுப்புத் தகுதிக்கு மேல் படித்திருப்பதால் எனக்கு வயது வரம்பு இல்லை. பொதுப் பிரிவாக இருந்திருந்தால் 32-ஓடு கதை முடிந்திருக்கும்.

20.08.2024, செவ்வாய்

ஆபீஸ் கேன்டீனில் இன்று முழுக்க இதே பேச்சு. தனியார் துறை ஆட்களையும் நேரடியாக இணைச் செயலாளர், இயக்குநர், துணைச் செயலாளர் பதவிகளில் எடுக்க 45 இடங்களுக்கு யூபிஎஸ்சி விளம்பரம் கொடுத்தது 17-ஆம் தேதி. இட ஒதுக்கீடு இல்லை என்று எதிர்ப்பு கிளம்பியது, இன்று வாபஸ். எங்கள் மேனேஜர் ஒருவர் ரெஸ்யூமேவையே தூசி தட்டிவிட்டார், பாவம்.

அனுபவத்துக்கு மதிப்புக் கொடுக்கும் வாசல் என்று ஒன்று இருந்தாலும் அது எங்களைப் போன்ற டீம் லீடர்களுக்கு இல்லை. நமக்கு அடியிலிருந்துதான் ஏணி.

28.10.2024, திங்கள்

தீபாவளி வாரத்தில் ரிசல்ட். ரேங்க் வந்திருக்கிறது. அறிவிப்பில் 6,244 என்றிருந்த இடங்கள் பிறகு 8,932 ஆகியிருந்ததால் எனக்கும் நம்பிக்கை இருக்கிறது.

இனிப்பு சாப்பிட்ட கையோடு அவரும் நானும் கணக்குப் போட உட்கார்ந்தோம். இளநிலை உதவியாளர் அடிப்படைச் சம்பளம் 19,500. அகவிலைப்படி 53 சதவீதம், 10,335. கூட்டினால் 29,835. வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்துக் கொஞ்சம். இதில் பத்து சதவீதம், 2,983 ரூபாய், பங்களிப்பு ஓய்வூதியத்துக்குப் பிடிப்பார்கள். அரசும் அதே அளவு போடும். இப்போது என் கைக்கு வருவது 61,000.

"அரசு வேலைன்னா பென்ஷன் உண்டே" என்று மாமியார் சொன்னார். 01.04.2003-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. அதைத்தான் சங்கங்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பென்ஷனை நம்பி இந்தப் பக்கம் வருகிறவர்கள் இந்த ஒரு தேதியைப் படித்துவிட்டு வர வேண்டும்.

அப்படியானால் எதற்கு? 60 வயதில்தான் ஓய்வு, எனக்கு 24 வருடம் இருக்கிறது. என் கம்பெனியில் 45 தாண்டி உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஃப்ளோரைச் சுற்றிப் பார்த்தால் போதும். அவர் காரணம் கேட்கவில்லை. வீட்டுக் கடன் தவணையை மட்டும் ஒரு பேப்பரில் எழுதி என் பக்கம் தள்ளினார்.

11.11.2024, திங்கள்

சான்றிதழ் பதிவேற்ற வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை எல்லாமே தமிழ்வழி என்று படித்த பள்ளிகளில் சான்று வாங்க வேண்டும். லீவு போட்டு ஊருக்குப் போனேன்.

உயர்நிலைப் பள்ளியில் சிரமமில்லை. தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியை இரண்டு வருடம் முன்புதான் வந்தவர். பீரோவின் அடித்தட்டில் இருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். காலிகோ அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. விரலால் வரி வரியாக வந்து ஒரு இடத்தில் நிறுத்தி, "இந்தப் பேரா பாருங்க" என்றார். என் பெயர், அப்பா பெயர், அவர் தொழில், பிறந்த தேதி, நான் விலகிய தேதி. நீல மை லேசாகப் பரவியிருந்தது, ஒரு எழுத்துகூட அழியவில்லை. அந்த ஒரு வரியை வைத்துச் சான்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தார். பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் முதல் கம்பெனியில் இப்போது போய்க் கேட்டால் நான் வேலை பார்த்ததற்கு ஒரு தாள் கிடைக்காது. அந்தக் கம்பெனியே இல்லை.

05.02.2025, புதன்

பிரேசர் பாலச் சாலை, தேர்வாணைய அலுவலகம். கலந்தாய்வு. ரேங்க் வரிசைப்படி கூப்பிடுகிறார்கள். திரையில் துறையும் அலகும் காலியிடமும். நமக்கு முன்னால் போகிறவர் ஒரு இடத்தைச் சொன்னதும் எண் ஒன்று குறையும். நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் முதல் மூன்றும் என் முறை வருவதற்குள் காலி. நாலாவது கிடைத்தது. சென்னையிலிருந்து மூன்று மணி நேரப் பஸ் பயணம். ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டியிருந்தது.

பக்கத்தில் இருந்த பையன் எம்.இ. படித்தவன். "எந்தத் துறைக்கா ப்ரமோஷன் சீக்கிரம்?" என்று என்னைக் கேட்டான். என் தலைமுடியைப் பார்த்து அனுபவசாலி என்று நினைத்திருப்பான்.

05.03.2025, புதன்

நியமன ஆணை வந்தது. சேர முப்பது நாள் அவகாசம். என் ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் 90 நாள்.

நடுவில் வேலை மாறுகிறவர்களுக்கு இதுதான் பெரிய முட்டுச்சந்து, பயிற்சி மையங்களில் யாரும் சொல்வதில்லை. மேனேஜர் முதலில் சிரித்தார்: "முப்பதாயிரத்துக்கா போறீங்க?" பிறகு, "அடுத்த அப்ரைசல்ல உங்களை அசிஸ்டன்ட் மேனேஜர் ஆக்கிடலாம்னு பேசியிருக்கேன்." இதைப் போன வருடமும் சொன்னார், அதற்கு முந்தின வருடமும். எல்லாமே காபி மெஷின் பக்கத்தில் நின்று சொன்னது. அந்த 90 நாள் மட்டும்தான் எழுத்தில் இருந்தது. மிச்ச நாளுக்குப் பணம் கட்டித்தான் ரிலீவிங் லெட்டர் வாங்கப் போகிறேன்.

கிராஜுவிட்டி வரும். பி.எஃப்.பில் ஓய்வூதியப் பகுதியைப் பத்து வருட சர்வீஸ் தாண்டியவர்கள் எடுக்க முடியாது, 58 வயதில் மாதாமாதம் வரும். அந்த சர்வீஸுக்கு அத்தாட்சியான திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

02.04.2025, புதன்

பணியில் சேர்ந்தேன். 'முற்பகல்' என்று எழுதச் சொன்னார்கள். மதியம் சேர்ந்தால் அன்றைய நாள் சம்பளக் கணக்கில் வராதாம், பணிமூப்பிலும் சிக்கல் வருமாம்.

கண்காணிப்பாளர் பணிப்பதிவேடு திறந்தார். உயரம், அங்க அடையாளங்கள், இடது கை ரேகை. வலது முழங்கை மச்சத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். அனுபவச் சான்றுகளை ஃபைலில் வைத்திருந்தேன். நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, பத்திரமா வச்சுக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்தார். மச்சத்துக்குக் கட்டம் இருக்கிறது, நான் பார்த்த வேலைக்கு இல்லை.

பக்கத்து சீட் உதவியாளருக்கு 27 வயது. எனக்கு சீனியர். அவளை "மேடம்" என்கிறேன், அவள் என்னை "அக்கா" என்கிறாள். இரண்டு பேருக்கும் அதில் சங்கடமில்லை.

19.05.2025, திங்கள்

சம்பளம் இன்னும் வரவில்லை. ஓய்வூதியத் திட்ட எண் வாங்கி, கருவூல மென்பொருளில் பெயர் ஏறினால்தான் வருமாம். சேமிப்பு இல்லாமல் வந்திருந்தால் திண்டாட்டம்தான்.

தபாலில் வந்த ஒவ்வொரு தாளுக்கும் ந.க. எண் என்று ஒரு வரிசை எண், அவரவர் சீட்டுக்கென வைத்திருக்கும் தன்பதிவேட்டில் ஒரு வரி. முடித்த கோப்புக்கு ஓ.மு. என்றால் ஒரு வருடம், மூ.மு. மூன்று, ப.மு. பத்து, நி.மு. என்றால் நிரந்தரம். எந்தத் தாள் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று முடிவு செய்கிற வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்று ஒரு மனு. வந்தவரின் செல்வாக்கு பெரியது. "சும்மா கையெழுத்து வாங்கிக் குடுத்துடுங்க" என்று எங்கள் பிரிவுக்கே போன் வந்தது. நான் பதறினேன். பழைய இடத்தில் இப்படி ஒரு போன் வந்தால் ராத்திரி எட்டு மணிக்குள் முடிந்திருக்கும், பிறகு ஆடிட்டில் மாட்டுவது கீழே இருப்பவர்தான். கண்காணிப்பாளர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "விதி என்னவோ அதைக் குறிப்பில் எழுதி வைங்க. எந்தச் சான்று இல்லைன்னும் எழுதுங்க. கீழே 'ஆணைக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது'. மேல இருக்கிறவர் வேண்டாம்னு எழுதட்டும், வேணும்னா வேணும்னு எழுதட்டும். அவர் கையெழுத்து, அவர் பேனா." கோப்பு மேலே போனது. 'சான்று பெற்று மீள வைக்கவும்' என்று பச்சை மையில் திரும்பி வந்தது.

மெதுவாக நகர்கிறார்கள் என்று வெளியில் இருந்தபோது நானும் திட்டியிருக்கிறேன். இன்னும் திட்டத்தான் செய்வேன். ஒரு வாரிசுச் சான்று விஷயம் வெறும் சோம்பலால் மேசையில் கிடக்கிறது, அதற்கு எந்த விதியும் காரணமில்லை. ஆனால் இன்றைய தாமதம் வேறு வகை.

13.07.2025, ஞாயிறு

நேற்று இந்த வருடக் குரூப் 4, 3,935 இடம். பழைய டீமில் இருந்த தம்பி எழுதிவிட்டு ராத்திரி போன் செய்தான். நன்றாக எழுதியிருக்கிறானாம். 31 வயது, பொதுப் பிரிவு, இந்த முறை விட்டால் அடுத்தது சந்தேகம்.

என் டைம்டேபிளைச் சொன்னேன்: பவானிசாகரில் புதிய ஊழியர்களுக்கான அடிப்படைப் பயிற்சி காத்திருக்கிறது, டிசம்பர் துறைத் தேர்வில் கணக்குத் தேர்வும் அலுவலக நடைமுறை நூலும் எழுத வேண்டும், தகுதிகாண் பருவம் வேறு முடிக்க வேண்டும். "இன்னும் பரீட்சையாக்கா?" என்று சிரித்தான். கார் லோன் எவ்வளவு என்று கேட்டேன், சொன்னான். ஆறு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் எடுத்து வைக்கச் சொன்னேன்.

நோட்டீஸைப் பற்றிக் கேட்டேன். "ஹெச்.ஆர். நம்ம ஃப்ரெண்டுதான்க்கா, முப்பது நாள்ல விட்டுடுறேன்னு சொல்லியிருக்கார்" என்றான். நாளைக்கே அதை ஒரு மெயிலாக வாங்கி வைடா என்றேன்.