அப்பாவோட லைஃப் சர்டிபிகேட்

நவம்பர் மாசம் வந்தாலே எங்க வீட்ல ஒரு டென்ஷன் ஆரம்பிச்சிடும். அப்பா லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும், அதாவது நான் இன்னும் உசுரோட தான் இருக்கேன்னு அவரே போய் சொல்லணும், இல்லன்னா மிலிட்டரி பென்ஷன் நின்னுடும். போன வாரம் காவேரிப்பட்டிணத்துல ஒரு நெட் சென்டருக்கு கூட்டிட்டு போனேன். கைரேகை விழல. மாந்தோப்புல மம்பட்டி புடிச்சு புடிச்சு ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு. சரி முகத்தை காட்டி பண்ற ஆப் இருக்கேன்னு அதுல ட்ரை பண்ணோம், அங்க இருக்கற பொண்ணு "அங்கிள் கண்ணை சிமிட்டுங்க"ன்னு சொல்லுது, இவரு கேமராவை பாத்த உடனே நெஞ்சை நிமித்தி சாவ்தான்ல, அதாவது அட்டென்ஷன்ல நின்னுட்டாரு, இமை அசைய மாட்டேங்குது. பிபிஓ நம்பர், அதாவது பென்ஷன் ஆர்டர் நம்பர் கேட்டா ஆர்மி நம்பரை ஒப்பிக்கிறாரு. என் போன் நம்பர் அவருக்கு இன்னும் மனப்பாடம் ஆகல, ஆர்மி நம்பர் மட்டும் நடு ராத்திரி எழுப்பி கேட்டாலும் வரும். அதுக்குள்ள சர்வர் வேற போயிடுச்சு.

அதே வேலைக்கு இன்னும் ரெண்டு பேர் வந்திருந்தாங்க. ஒருத்தர் ஆர்மியில தகவல் தொடர்பு பாக்கற சிக்னல்ஸ்ல இருந்தவரு, ஜபல்பூர் ட்ரெய்னிங், சுபேதாரா ரிட்டயர் ஆனவரு, அதனால மத்த ரெண்டு பேரும் இப்பவும் "சாப்"னு தான் கூப்பிடறாங்க. இன்னொருத்தர் ஏஎஸ்சி, அதாவது ஆர்மிக்கு சப்ளை கொண்டு போற பிரிவுல டிரைவர், பெங்களூர்ல ட்ரெய்னிங். எங்கப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட், 1979ல வெல்லிங்டன் போய் சேந்தவரு, 96ல வந்துட்டாரு. சர்வர் வர்ற வரைக்கும் டீக்கடையில உக்காரலாம்னு போனோம், மூணரை மணிக்கு உக்காந்தது.

ஊர்ல மிலிட்டரிக்காரரை பாத்தா எத்தனை பேரை சுட்டீங்கன்னு தான் கேப்பாங்க, இல்லன்னா கேன்டீன்ல பாட்டில் கிடைக்குமான்னு. இவங்க மூணு பேரும் முதல் அரை மணி நேரம் பேசினது ஷேவிங் பத்தி. வெல்லிங்டன் குளிருக்கு காலையில குழாய் தண்ணி ஊசி மாதிரி குத்துமாம், மீசையே சரியா முளைக்காத பதினெட்டு வயசு பசங்க தினம் அதுல ஷேவ் பண்ணனும், ட்ரெய்னிங் குடுக்கற உஸ்தாத் வந்து பஞ்சை தாடையில தேச்சு பாப்பாராம், பஞ்சு ஒட்டிச்சுன்னா அன்னிக்கு ரகடா தான், கிரவுண்ட் பூரா குட்டிக்கரணம். டிரைவர் மாமா சொன்னது வேற. அவங்க பேரக்ஸ்ல எல்லாரும் ரெண்டு ரேஸர் ரெண்டு தண்ணி மக் வெச்சிருப்பாங்களாம், ஒண்ணு இன்ஸ்பெக்ஷனுக்கு காட்ட, ஒண்ணு யூஸ் பண்ண. கட்டில்ல விரிப்பை மடிப்பு கலையாம விரிச்சு வெச்சுட்டு ராத்திரி தரையில படுத்துப்பாங்களாம். எங்கப்பா பெட்ஷீட்டை நாலு மூலையும் இழுத்து கட்டி வெச்சுட்டு அதுல யாரையும் உக்கார விட மாட்டாரு, சின்ன வயசுல நான் வாங்கின அடியில பாதி அதுக்குத்தான். இப்ப தான் விஷயம் தெரியுது.

அப்புறம் சோறு. ஆர்மி கணக்குல மனுஷனே ரெண்டு ஜாதி தானாம், அரிசி சாப்பிடறவன், ஆட்டா சாப்பிடறவன். எங்க பக்கத்து ஆளுங்க இந்த ரெண்டுலயும் சேர்த்தி இல்லையே, நாம களி சாப்பிடறவங்க. சுபேதார் மாமா ஒரு தடவை லீவு முடிஞ்சு போறப்ப ட்ரங்க் பெட்டியில அஞ்சு கிலோ ராகி மாவு எடுத்துட்டு போயிருக்காரு, ஒரு ஞாயித்துக்கிழமை லங்கர்ல, அதாவது ஆர்மி சமையல்கட்டுல இருக்கற குக்கை கெஞ்சி அடுப்பு வாங்கி களி கிண்டியிருக்காங்க, துடுப்பு இல்ல, டென்ட் அடிக்கற மரக்குச்சியை கழுவி அதுலயே கிண்டினாங்களாம். உருட்டி தட்டுல வெச்சதும் பக்கத்துல இருந்த பஞ்சாபி "யே க்யா ஹை, தோப் கா கோலா?"ன்னு கேட்டிருக்கான், பீரங்கி குண்டான்னு. சாப்பிட்டு பாருன்னு குடுத்திருக்காங்க. களியை மெல்லக்கூடாது, குழம்புல தொட்டு அப்படியே முழுங்கணும், அது அவனுக்கு எப்படி தெரியும், வாய் நிறைய போட்டு மென்னுட்டான், பல்லுல மேல கீழ ஒட்டிக்கிச்சு. அன்னிக்கு முழுக்க ரோல் காலுக்கு கூட அவனால ஒழுங்கா பதில் சொல்ல முடியலயாம். இதை சொல்லிட்டு சுபேதார் மாமா சிரிச்ச சிரிப்புல டீ கொட்டிடுச்சு.

ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாம போனவங்க மூணு பேரும். சென்ட்ரி டியூட்டியில இருட்டுல யாராவது வந்தா "தம்! கோன் ஆத்தா ஹை?"ன்னு கத்தணும், யாரு வர்றதுன்னு அர்த்தம். எங்கப்பா முதல் மாசம் பூரா இவனுங்க எதுக்கு ராத்திரியில ஆத்தாவை கூப்பிடறானுங்கன்னு நெனச்சாராம்.

டிரைவர் மாமா லடாக் பக்கம் சக்திமான்ங்கற ஆர்மி லாரி ஓட்டினவரு. சாயங்காலம் ரேடியேட்டர் தண்ணியை இறக்கிடணும், இல்லன்னா உறைஞ்சு வெடிச்சிடும். காலையில டீசல் கெட்டியாகி இருந்தா டேங்குக்கு அடியில நெருப்பு மூட்டி சூடு காட்டுவாங்களாம், கேக்கறப்பவே எனக்கு பக்குன்னு ஆச்சு, அவரு என்னமோ பால் காய்ச்சற மாதிரி சொல்றாரு. இப்ப மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு அடிக்கிறாரு, இன்னிக்கும் காலையில வண்டியை சுத்தி வந்து ஆயில், தண்ணி, டயர் எல்லாம் பாத்துட்டு தான் சாவியை போடுவாரு, அதுக்கு பேரு ஃபர்ஸ்ட் பரேடாம்.

லீவு பத்தி பேச்சு வந்தா நிறுத்த முடியாது. வருஷத்துக்கு 60 நாள், கேஷுவல் லீவு 30 நாள். அவசரத்துக்கு "மதர் சீரியஸ்"னு வீட்ல இருந்து தந்தி வர வைக்கறது, எங்க பாட்டி அந்த கணக்குல நாலு தடவை சாக கிடந்திருக்கு, ஆனா 90 வயசு வரைக்கும் இருந்துச்சு. 2013 ஜூலையோட தந்தியே நின்னு போச்சு. 1984ல ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வந்தப்புறம் ஜம்முல ஏறினா சேலத்துலயே எறங்கிடலாம், ஆனா வாரத்துக்கு ஒரு வண்டி. கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்னிக்கும் ரயில் கிடையாது, அதனால சேலத்துல எறங்கி கறுப்பு ட்ரங்க் பெட்டியை பஸ் டாப்புல ஏத்தி தொப்பூர் கணவாய் தாண்டறப்ப தான் ஊருக்கு வந்துட்டோம்னு தோணுமாம். திரும்பி போறப்ப பெட்டியில நிப்பட்டு, அதான் தட்டை, இல்லாம போனா செக்ஷன்ல உள்ள விட மாட்டாங்களாம்.

இப்படியே பேசிட்டு இருக்காங்க, கடையில லைட் போட்டாங்க, மணி ஆறு. எங்கப்பா மடிச்சு விட்டிருந்த சட்டைக் கையை இறக்கி பட்டன் போட்டாரு. வீட்லயும் இது தான் பழக்கம், மே மாசம் வேர்த்து கொட்டினாலும் ஆறு மணிக்கு கையை இறக்கிடுவாரு, விளக்கு வைக்கற நேரத்துக்கு மரியாதை போலன்னு அம்மா நெனச்சிட்டு இருக்காங்க. நிமிந்து பாத்தா டிரைவர் மாமாவும் இறக்கறாரு, சுபேதார் மாமாவும் இறக்கறாரு, பேச்சு பாட்டுக்கு போயிட்டே இருக்கு, மூணு பேருக்கும் அது கவனத்துலயே இல்ல. என்னன்னு கேட்டேன். "கொசுடா, மலேரியா. பொழுது போனா ஸ்லீவ் டவுன், கொசுவலை. மறந்தா தண்டனை"ன்னாரு அப்பா. அவரு ரிட்டயர் ஆகி கிட்டத்தட்ட 30 வருஷம்.

அந்த பொண்ணு வந்து சர்வர் வந்துடுச்சுன்னு கூப்பிட்டுச்சு. திரும்ப அப்பாவை நிக்க வெச்சு போனை காட்டினோம், திரும்ப அதே சாவ்தான், அதே முறைப்பு. ரெண்டு தடவை ஃபெயில். பின்னாடி நின்னுட்டு இருந்த சுபேதார் மாமா பொறுமை போய் பரேட் கிரவுண்ட் குரல்ல "ஆங்க் பந்த்!"னு ஒரு கத்து கத்தினாரு, பக்கத்து செருப்புக்கடைக்காரரு எட்டி பாக்கறாரு.

அப்பா பட்டுனு கண்ணை மூடினாரு. "கோல்!"னதும் தொறந்தாரு. ஸ்க்ரீன்ல பச்சை டிக் வந்துடுச்சு.