வீட்டு லேபலில் ஒரு பாட்டு வெளிவரும் வழி

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்து நாங்களே வெளியிடும் சிறு இசை நிறுவனம்தான் வீட்டு லேபல். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க வீட்டில் பாடிப் பதிவதென்றால் முதலில் நேரம் பார்க்க வேண்டும். பாண் விற்கும் ஆட்டோவின் மெட்டு, கரையோர ரயில், காகம் எல்லாம், மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கில் வடிவாகவே விழும். இரவு பதினொன்றுக்குப் பிறகு குரல் எடுப்பதுதான் எங்களுக்குச் சரிவந்தது.

மின்விசிறியை நிற்பாட்டுங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். கார்டியாயிட் வகை மைக் முன்பக்கத்தை, அதாவது பாடுபவர் இருக்கும் பக்கத்தைத்தான் கேட்கும். அதனால் துணி பாடுபவருக்குப் பின்னால் வேண்டும். பலர் மைக்குக்குப் பின்னால் மட்டும் பஞ்சை ஒட்டிவிட்டு, அறை இன்னும் எதிரொலிக்கிறதே என்று கவலைப்படுகிறார்கள். மைக்குக்கு ஒரு சாண் தூரம், பதிவு மென்பொருளில் 24 பிட் தரம், சத்தத்தின் உச்சம் -12 டெசிபெல் அளவில் நின்றால் போதும். இடையில் பல்லி சொன்னால் அந்த வரியைத் திரும்பப் பாடுங்கள். மென்பொருளால் துடைத்தால் 'ச', 'ஸ' ஒலிகளும் சேர்ந்து தேயும்.

கொழும்புக் காற்றின் ஈரம் மைக்கின் மெல்லிய தகட்டில் ஏறினால் பொரிகிற சத்தம் வரும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

பதிவை விடக் கூடுதலாகச் சறுக்குவது பெயரில். கலைஞர் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு பாட்டுக்கு 'த'வை எச் சேர்த்து (th) எழுதி, அடுத்த பாட்டுக்கு எச்சை விட்டால் (t), பாட்டுச் செயலியான ஸ்பாட்டிஃபை அதை வேறு ஆளாக எடுத்துப் புதுப் பக்கம் திறந்துவிடும். பாட்டுகள் இரண்டு பக்கமாகப் பிரிந்துபோகும். முதல் பாட்டுக்கு முன்பே எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள். அடுத்த பாட்டை ஏற்றும்போது பழைய பக்கத்தின் இணைப்பையே கொடுங்கள்.

பதிப்புரிமைக்கு அரசாங்கத்தில் பதியத் தேவையில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கம் உருவானதுமே அது கிடைத்துவிடும். ஆனால் வரியும் மெட்டும் ஓர் உரிமை, ஒலிப்பதிவு இன்னோர் உரிமை. வரி எழுதியவர், மெட்டமைத்தவர், ஒலிகளைச் சேர்த்து மிக்ஸ் செய்தவர் யாருக்கு எதில் எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திட வேண்டும். அதுவும் ஒலிப்பதிவு நடக்கும் அன்றே. காசு வந்த பிறகு கதைத்தால் நட்பு கெடும்.

லேபல் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டுமென்றால் வணிகப் பெயர்ப் பதிவு கேட்பார்கள். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

வெளியீட்டு நாளுக்கு நான்கு வாரம் முன்பே பாட்டின் வேவ் (WAV) ஒலிக்கோப்பையும் 3000க்கு 3000 பிக்சல் அட்டைப்படத்தையும், பாட்டைச் செயலிகளுக்கு அனுப்பிவைக்கும் விநியோகஸ்தரிடம் ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழு தெரிந்தெடுக்கும் பாட்டுப் பட்டியலுக்கு ஏழு நாளாவது முன்னதாக அனுப்ப வேண்டும், ஆனால் பாட்டு அங்கே போய்ச் சேரவே சில நாள் பிடிக்கும். மொழி என்ற இடத்தில் தமிழைத் தெரிவு செய்ய மறக்க வேண்டாம். உங்கள் ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடித்து உரிமைகோரும் யூடியூப் கன்டென்ட் ஐடியை, உங்கள் பாட்டுக்குள் இலவச லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஆயத்த இசைத் துண்டு) இருந்தால் தொடவே வேண்டாம்: அதே லூப்பைப் பாவித்த வேறொருவரின் வீடியோமேல் உங்கள் உரிமைக்கோரல் போய் விழும்.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 12 குறிகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி (ISRC) என்ற அடையாள எண் ஒன்று கிடைக்கும். விநியோகஸ்தரை மாற்றும்போது புது எண் எடுத்தால், அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை பழைய எண்ணோடே நின்றுவிடலாம். வேவ் கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் அந்த எண்ணையும் எழுதி வையுங்கள்.