கடலோர வீட்டில் பழங்காசு: ஒரு வருஷம் பார்த்துக்கொண்ட அனுபவம்

போன ஐப்பசியில் இருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பெட்டிக்குள் ஈரப்பதம் எவ்வளவு, எந்தக் காசில் என்ன மாறியிருக்கிறது, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கத்தில் இருந்து அடித்தது, அவ்வளவுதான். நாணயம் சேர்ப்பவர்களுக்கான பராமரிப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. "சாதாரண அறையில் வைத்தால் போதும்" என்று முடித்துவிடுவார்கள். நாகப்பட்டினத்தில், கடல் இரைச்சல் காதில் விழும் தூரத்தில் இருக்கிற வீட்டில், சாதாரண அறை என்று ஒன்று கிடையாது. ஜன்னல் கம்பி இரண்டு வருஷத்தில் உதிர்கிற ஊர் இது. அதனால் நம் ஊர்க் காற்றுக்கு நாமே கணக்கு எழுதிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

என்னிடம் இருப்பது பெரிய சேகரிப்பு இல்லை. தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் ஈயக் காசும் செப்புக் காசும் கொஞ்சம், ஒரு பக்கம் அம்மன் உருவமும் மறுபக்கம் தமிழில் ஊர்ப் பெயரும் வைத்து டச்சுக்காரர்கள் இங்கே நாகையில் வெளியிட்ட செப்புக் காசு, கும்பகோணத்தில் ஒரு வியாபாரியிடம் வாங்கிய ராஜராஜன் காசுகள், ஓட்டைக் காலணா, ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய், அப்புறம் சில போர்ப் பதக்கங்கள். ஈயம், செம்பு, வெண்கலம், வெள்ளி, பதக்கத்தோடு வரும் துணி நாடா. ஒன்றுக்கு ஆகிற காற்று இன்னொன்றுக்கு ஆகாது.

ஐப்பசி, கார்த்திகைதான் சோதனைக் காலம். வாடைக்காற்று ஆரம்பித்து அடைமழை பிடித்துவிட்டால் என் அறையில் ஈரப்பத மீட்டர் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே அரிது. அந்த நாட்களில் செப்புக் காசுகளை லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். தேடுவது கரும்பச்சைக் களிம்பை இல்லை. கெட்டியாக, வழவழப்பாக ஒட்டியிருக்கும் அந்தப் பச்சை பல நூறு வருஷம் உட்கார்ந்த தோல், அது காசைக் காப்பாற்றுகிறது. பயப்பட வேண்டியது வெளிர்பச்சைப் பொடி. ஊசி முனையால் தொட்டால் மாவு மாதிரி உதிரும், அடியில் சின்னக் குழி தெரியும். கடல் உப்பில் இருக்கும் குளோரைடு செம்புக்குள் ஏறி உட்கார்ந்துவிடுகிறது, ஈரமும் காற்றும் கிடைத்ததும் அங்கே அமிலம் உண்டாகி இன்னும் கொஞ்சம் செம்பைத் தின்கிறது, அதில் இருந்து மறுபடி அமிலம், இப்படியே சுற்றிச் சுற்றிப் போகும். கடற்கரையில் ஒதுங்கிய காசு என்றால் இந்த வியாதி அநேகமாக உள்ளே தூங்கிக்கொண்டுதான் இருக்கும். ஈரப்பதம் 40-க்குக் கீழே இருக்கிற வரை அது எழுந்திருக்காது.

போன கார்த்திகையில் 'நாலு காசு' மதிப்புள்ள ஒரு டேனிஷ் நாணயத்தில் அந்தப் பொடி தெரிந்தது. கிரீடமும் அதன் கீழே அரசரின் எழுத்துச் சின்னமும் உள்ள காசு, தேய்ந்திருந்தாலும் முகம் இன்னும் தெளிவு. பொடியை முள்ளால் மெதுவாக எடுத்துவிட்டு டிஸ்டில்டு வாட்டரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வைத்தேன். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, எங்கள் ஊர்த் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது. வாரக்கணக்கில் போகும் வேலை இது, அவசரப்படுகிறவர்களுக்குச் சரிவராது. கடைசியில் அசிட்டோனில் முக்கி ஈரத்தை வெளியேற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் தனியாக வைத்தேன். மார்கழி, தை முழுக்க அதையே திறந்து திறந்து பார்த்தேன், பொடி திரும்பவில்லை. மற்ற காசுகளோடு சேர்க்கும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

ஈயக் காசு வேறு கதை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் இறங்கிய டேனிஷ்காரர்கள், அந்த முதல் காலத்தில் சில்லறைக்கு ஈயத்தில்தான் காசு அடித்தார்கள். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். இதை அழகான மரப்பெட்டியில் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். மரத்தில் இருந்தும் மட்டமான அட்டையில் இருந்தும் மெல்ல மெல்ல வெளியேறும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும், அப்புறம் காசு இருந்த இடத்தில் சுண்ணாம்பு மாதிரி ஒரு சிட்டிகைதான் மிஞ்சும். மழைக்காலத்தில் மரம் ஊறும்போது இது இன்னும் வேகமாக நடக்கிறது. நல்ல பாலியெஸ்டர் உறை, அதற்கு மேல் பிளாஸ்டிக் டப்பா, போதும். பிளாஸ்டிக் என்றாலும் பிவிசி உறை வேண்டாம். வாங்கும்போது மெத்தென்று பளபளப்பாக இருக்கும், நம் வெயிலுக்குக் கொஞ்ச நாளில் பிசுபிசுத்து, காசின் மேல் பச்சையாக ஒட்டிக்கொள்ளும். அட்டை ஹோல்டரில் அடிக்கிற ஸ்டேப்ளர் பின்னும் இங்கே துருப்பிடிக்கிறது. ஒட்டும் வகை ஹோல்டருக்கு மாறியபிறகு அந்தத் தொல்லை இல்லை.

தீபாவளி வாரத்தில் வெள்ளிப் பெட்டியைத் திறப்பதே இல்லை. பட்டாசில் கந்தகம், தெரு முழுக்கப் புகை, வெள்ளிக்குப் பிடிக்காத முதல் பொருளே கந்தகம்தான். ரப்பர் பேண்டு போட்டு வைத்த வெள்ளி ரூபாயில் பேண்டு பட்ட இடம் மட்டும் கறுப்புக் கோடாக விழுந்திருப்பதைப் பழைய பீரோக்களில் இருந்து வரும் காசுகளில் அடிக்கடி பார்க்கலாம். செய்தித்தாளில் சுற்றி வைத்ததும் அப்படித்தான் கறுக்கும். தானாக, மெதுவாக வந்த கறுப்பு என்றால் நான் கை வைப்பதில்லை. நீலமும் ஊதாவும் பொன்னிறமும் கலந்து, சாய்த்துப் பார்க்கும்போது மாறுகிற அந்த நிறம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். புளி போட்டுத் தேய்த்து, விபூதி போட்டுத் துலக்கி, "பாருங்க புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று யாராவது கொண்டுவந்து நீட்டும்போது, அவர்கள் அன்போடு செய்தது என்று தெரிந்தாலும், உள்ளுக்குள் வலிக்கும். போன தோல் திரும்ப வராது.

போகிதான் எங்களைப் போன்றவர்களுக்கு அறுவடை. பரண் எல்லாம் கீழே இறங்கும் நாள். அஞ்சறைப்பெட்டி, சுருக்குப்பை, மஞ்சள் துணியில் முடிந்து நேர்ந்துகொண்டு யாரோ மறந்துவிட்ட காசு, எல்லாம் வெளியே வரும். தெருவில் நான் காசு சேர்ப்பவன் என்று தெரியும், அதனால் "தம்பி, இது எதுக்காவது ஆகுமா பாரு" என்று கூப்பிட்டுக் காட்டுவார்கள். பெரும்பாலும் தாமரை போட்ட இருபது பைசா, அலுமினிய மூன்று பைசா, 1957-ல் இருந்து வந்த நயா பைசா. விலை என்று பார்த்தால் சொற்பம். யூடியூபில் பார்த்துவிட்டு லட்சக்கணக்கில் விலை கேட்பவர்களிடம் பொறுமையாக உண்மையைச் சொல்வது இந்தப் பொழுதுபோக்கின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. இருபது பைசாத் தாமரைக் காசை நான் எந்த வீட்டிலும் வாங்கிக்கொள்வதில்லை, 108 சேர்த்து லட்சுமி பூஜைக்கு வைத்திருப்பார்கள், அது அங்கேயே இருக்கட்டும். மண்ணுக்குள் இருந்து எடுத்தது என்று யாராவது சொன்னால் வாங்கவே மாட்டேன். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போகிற புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எந்தக் குழியில் எதோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் அந்தக் காசின் பாதி வரலாறு.

இந்தப் போகிக்குப் பழைய பாத்திரக் கடையில் பித்தளையோடு பித்தளையாக இரண்டு பதக்கங்கள் கிடந்தன. ஒன்று பர்மா நட்சத்திரம், இன்னொன்று 1939-45 போர்ப் பதக்கம், சிங்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்பது. நட்சத்திரத்தின் நாடாகூட இருந்தது, கருநீலம், இரண்டு ஆரஞ்சுக் கோடு, நடுவில் அகலச் சிவப்பு. இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களை பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். இந்தியப் படைக்குக் கொடுத்ததில் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். போர்ப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பினால் எண், ஒரு தமிழ்ப் பெயர், மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவு. எடைக்குப் போட்டு உருக்கப் போயிருந்தால் அந்தப் பெயர் அன்றைக்கே போயிருக்கும். அதனால் பதக்கத்துக்கு என் ஒரே விதி, விளிம்பில் பாலிஷ் படக்கூடாது. நாடாவுக்கு எதிரி வேறு, வெயில். நாணயப் பெட்டியை வெளிச்சத்தில் வைத்தால் ஒன்றும் ஆகாது, நாடாவின் சிவப்பு சில வருஷத்திலேயே வெளுத்துவிடும். அமிலமில்லாத காகிதத்தில் மடிக்காமல் தட்டையாக வைத்திருக்கிறேன். பாச்சா உருண்டையைப் பக்கத்தில் சேர்ப்பதில்லை.

பதக்கம், காசு இரண்டும் ஒன்றாகவே ஆன ஒரு பொருள் உண்டு, நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னை மேல் குண்டு போட்ட எம்டன் கப்பலை, நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் நாசமாக்கியது. எம்டனில் இருந்து எடுத்த மெக்சிகோ வெள்ளிக்காசுகளின் மேல் ஒரு கிரீடத்தைப் பொருத்திப் பதக்கமாகக் கொடுத்தார்கள். எப்போதாவது ஒன்றைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மாசி, பங்குனியில் எழுத அதிகம் இல்லை. ஆனி, ஆடிதான் எங்கள் கரையின் நல்ல காலம். உள்நாட்டுக்காரர்கள் ஆடிக்காற்று என்று புழுதியைத் திட்டுவார்கள். இங்கே மீனவர்கள் கச்சான் என்று சொல்கிற அந்த மேல்காற்று நிலத்தைக் கடந்து வருவதால் காய்ந்து வருகிறது. மத்தியானம் கடல்காற்று திரும்புவதற்கு முன்னால் மீட்டர் 50-க்குக் கீழேகூடப் போனது, வருஷத்தில் வேறு எப்போதும் பார்க்காத எண். டப்பாக்களைத் திறப்பது, உறை மாற்றுவது, எடை போட்டுப் படம் எடுப்பது என்று எல்லா வேலையையும் அந்தக் காலைகளுக்கென்று ஒதுக்கினேன். வியர்வை அதிகம், அதனால் கையுறை கட்டாயம். சிலிக்கா ஜெல்லையும் அப்போதே மொத்தமாகச் சூடாக்கி உலர்த்திவிட்டேன். ஆரஞ்சு நிற வகை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் இருக்கிறது, சமையல் அடுப்புப் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

இதையெல்லாம் எழுத ஆரம்பித்தபிறகு கையில் வரும் சில்லறையையும் வேறு மாதிரி பார்க்கிறேன். மீன் மார்க்கெட்டில் மிச்சம் தரும் மஞ்சள் ஐந்து ரூபாய் உப்புத் தண்ணீர் பட்டுக் காபி நிறத்துக்குப் போயிருக்கும், பெரிய கோயில் பக்கத்துப் பூக்கடையில் வாங்கும் அதே காசு மஞ்சளாகவே இருக்கும். வருஷத்துக்குக் கீழே வைரக்குறி இருந்தால் அது மும்பை நாணயச்சாலையில் அடித்தது, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. பஸ்ஸில் இதைப் பார்க்காமல் ஒரு காசையும் பைக்குள் போடுவதில்லை. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று திருப்பித் தரும்போது மட்டும் சும்மா இருக்க முடிவதில்லை. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லியாகிவிட்டது. நான் சொன்னபிறகு எங்கள் தெருமுனை டீக்கடை அண்ணன் வாங்க ஆரம்பித்தார், இப்போது வித்தியாசமான காசு வந்தால் எனக்கென்று தனியாக எடுத்தும் வைக்கிறார்.

அடுத்த ஐப்பசிக்கு இரண்டு மாற்றம் வைத்திருக்கிறேன். பெரிய டப்பா ஒன்றுக்குப் பதிலாகச் சின்ன டப்பாக்கள் பல, ஒன்றைத் திறந்தால் மற்றவை ஈரம் குடிக்காமல் இருக்கும். அந்த டேனிஷ் நாலு காசு ஒரு முழு மழைக்காலத்தைத் தாண்டட்டும், பொடி வராவிட்டால் மற்றவற்றோடு சேர்த்துவிடலாம். பதக்கத்தில் இருக்கும் பெயரை இங்கே எழுதவில்லை. பாத்திரக் கடைக்காரர் அதை எந்த ஊர் மூட்டையில் வாங்கினேன் என்று சொல்லியிருக்கிறார், தை பிறந்ததும் அந்த ஊருக்குப் போய் வீட்டை விசாரிக்கப்போகிறேன். வீடு கிடைத்தால் இரண்டு பதக்கமும் நாடாவும் அவர்களுக்குத்தான்.