பட்டம் பாண்டியில, தொலைநோக்கி மலையில

பெங்களூர்ல இந்திய வானியற்பியல் நிறுவனம்னு ஒண்ணு இருக்கு, ஐஐஏன்னு சொல்லுவாங்க. அங்க சூரியனையும் நட்சத்திரத்தையும் ஆராய்ச்சி பண்ணி பிஎச்டி முடிக்கற பல பேருக்கு பட்டம் குடுக்கறது நம்ம பாண்டிச்சேரி யுனிவர்சிட்டிதான். ரெண்டு பேரும் ஒப்பந்தம் போட்டு பண்றாங்க. கடலூர், பாண்டியில எத்தனை பேருக்கு இது தெரியும்னு தெரியல, எங்க ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல சொன்னப்ப எல்லாருக்கும் புதுசாதான் இருந்துச்சு.

எனக்கு இதுல சந்தோஷம்தான், ஆனா இன்னும் கொஞ்சம் ஆசைப்படறேன். இந்தக் கடற்கரையில விண்வெளிக்கும் வானியலுக்கும்னே ஒரு பெரிய துறை வேணும், ஆராய்ச்சியும் நடக்கணும், பாடமும் நடக்கணும், சாயங்காலம் ஆனா தொலைநோக்கிய தூக்கிக்கிட்டு ஊருக்குள்ளயும் வரணும், மூணும் ஒரே கூரைக்கு கீழ. மூணையும் ஏன் சேத்து கேக்கறேன்னா அதுக்கு காரணம் பாண்டியோட பழைய கதையிலயே இருக்கு.

லெ ஜென்டில்ங்கற பிரெஞ்சு வானியலாளர் கதை நிறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும். 1761ல வெள்ளி கிரகம் சூரியனுக்கு குறுக்க போறத பாக்க பிரான்ஸ்ல இருந்து பாண்டிச்சேரிக்கு கப்பல் ஏறினாரு, வந்து சேர்றதுக்குள்ள ஊர் இங்கிலீஷ்காரன் கைக்கு போயிடுச்சு, ஜூன் 6 அன்னிக்கு நடுக்கடல்ல ஆடுற கப்பல்ல நின்னுதான் பாத்தாரு, அளவு எதுவும் எடுக்க முடியல. அடுத்தது 1769லன்னு இந்தப் பக்கமே தங்கிட்டாரு, 1768ல பாண்டிக்கு வந்து இடிஞ்சு கிடந்த கோட்டையில ஒரு ஆய்வுக்கூடம் கட்டினாரு, மெட்ராஸ்ல இருந்து இங்கிலீஷ்காரங்களே ஒரு நல்ல தொலைநோக்கி குடுத்து அனுப்பினாங்க. ஜூன் 4 காலையில மேகம். வெள்ளி தாண்டிப் போன பிறகுதான் வெயில் வந்துச்சு. ஊருக்கு திரும்பினா அவர் செத்துட்டாருன்னு முடிவு பண்ணி பிரெஞ்சு அறிவியல் அகாடமியில அவரோட இடத்த வேற ஆளுக்கு குடுத்துட்டாங்க.

எல்லாரும் இதோட கதைய முடிச்சிடறாங்க, எனக்கு முக்கியமா படறது இதுக்கு அப்புறம் இருக்கறதுதான். பாண்டியில இருந்த காலத்துல அவர் நம்மூர் ஆள் ஒருத்தர்கிட்ட கிரகணக் கணக்கு கத்துக்கிட்டாரு. 1765 ஆகஸ்ட் 30ல நடந்த சந்திர கிரகணம் எவ்ளோ நேரம் இருந்துச்சுன்னு அந்தத் தமிழ் முறையில போட்டுப் பாத்தா 41 செகண்ட்தான் குறைஞ்சுது, அந்த நாள்ல ஐரோப்பாவுல ரொம்ப நல்லதுன்னு பேர் வாங்கின, மேயர்ங்கற ஜெர்மன் வானியலாளரோட சந்திர அட்டவணையில 68 செகண்ட் கூட வந்துச்சு.

இன்னொண்ணு 1825ல. ஜான் வாரன்னு ஒருத்தர், முன்னாடி மெட்ராஸ் அப்சர்வேட்டரிய பாத்துக்கிட்டவரு, பாண்டியில ஒரு பஞ்சாங்கக்காரர சந்திச்சாரு. அவர் தரையில சோழிய பரப்பி வச்சு, பேப்பர் கிடையாது, அட்டவணை எல்லாம் எண்ண எழுத்தா மாத்திக் கோத்த வாக்கியமா, மனப்பாடமா தலைக்குள்ள, சோழிய நகத்தி நகத்தியே அந்த வருஷம் மே 31 ராத்திரி வரப்போற சந்திர கிரகணத்த கணிச்சு சொன்னாரு. ஆரம்பம் நாலு நிமிஷம்தான் தப்பு. நடுவும் முடிவும் இன்னும் கூடுதலா தப்பு, முடிவுல 52 நிமிஷம். இருந்தாலும் தரையில உக்காந்து சோழிய வச்சு கிரகணம் ஆரம்பிக்கறத நாலு நிமிஷத்துக்குள்ள பிடிச்சிருக்காரு, அத நினைச்சா இப்பவும் புல்லரிக்குது.

ஆனா வாரன் இன்னொண்ணும் எழுதி வச்சிருக்காரு, அந்தக் கணக்கு ஏன் வேலை செய்யுதுங்கற விவரம் அந்தப் பெரியவருக்கு தெரியாது. சந்திரனுக்கு நாளுக்கு ஒண்ணா 248 வாக்கியம் இருக்கு, ஏன் 248ன்னா சந்திரன் பூமிக்கு கிட்ட வந்து திரும்ப கிட்ட வர்றதுக்கு 27 நாளும் கொஞ்சமும் ஆவும், அதுல ஒம்போது சுத்து சேந்தா கிட்டத்தட்ட முழுசா 248 நாள். இத கண்டுபிடிச்சவங்களுக்கு காரணம் நல்லாவே தெரிஞ்சிருக்கும். வாக்கியம் கை மாறி வந்துச்சு, காரணம் நடுவுல எங்கயோ நின்னு போச்சு. புதுசா வானத்த பாத்து கணக்க திருத்த ஆள் இல்ல, காரணத்த சொல்லிக் குடுக்க பள்ளிக்கூடம் இல்ல, ஊர் ஜனத்துக்கு கிரகணத்தன்னிக்கு என்ன பண்ணக்கூடாதுங்கறது மட்டும்தான் போய் சேந்துச்சு. ஆராய்ச்சி, படிப்பு, மக்கள் இந்த மூணும் தனித்தனியா பிரிஞ்சா என்ன ஆவும்ங்கறதுக்கு இதவிட எனக்கு வேற சாட்சி வேணாம்.

சரி, இப்ப நடக்கறதுக்கு வர்றேன். பாகூர் பக்கத்துல இருந்து வந்து எங்ககிட்ட படிச்ச பொண்ணு, பிஎஸ்சி பிசிக்ஸ் முடிக்கப் போவுது, "மிஸ், அஸ்ட்ரானமி படிக்கணும்னா எங்க போறது"ன்னு கேட்டா. நான் சொன்னேன், ஹைதராபாத் உஸ்மானியாவுல 1959ல இருந்தே வானியலுக்கு தனி துறை இருக்கு, ரங்காபூர்ல அவங்களுக்கே 48 இன்ச் தொலைநோக்கி 1968ல வந்துச்சு, திருவனந்தபுரத்துல இஸ்ரோ பக்கத்து விண்வெளிக் கல்லூரி ஐஐஎஸ்டி இருக்கு, இல்லன்னா எம்எஸ்சி பிசிக்ஸ் முடிச்சு ஜெஸ்ட் நுழைவுத்தேர்வு எழுதி ஐஐஏவுக்கோ புனேல இருக்கற ஐயூகா வானியல் மையத்துக்கோ போலாம். அவ அப்பா கூட வந்திருந்தாரு, எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு "பக்கத்துல ஒண்ணும் இல்லீங்களா டீச்சர்"னாரு. பொண்ணு படிக்கட்டும்னு நெனக்கற மனுஷன்தான், தூரம்தான் அவருக்கு பயம். இந்த மாதிரி வீட்டுப் பசங்களுக்காகத்தான் துறை இங்க வேணும்னு சொல்றேன், பஸ்ல போய்ட்டு வர்ற தூரத்துல இருந்தா இவள மாதிரி எத்தனையோ பேர் வெளிய வருவாங்க. சந்திரயான் 3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் யாரு, விழுப்புரத்துக்காரர்தானே.

கடற்கரையில எப்படி வானியல்னு கேப்பாங்க. உப்புக்காத்து, ஈரம், கண்ணாடி சீக்கிரம் கெட்டுடும், ஈசிஆர்ல லைட்டு வெளிச்சம் வேற, எல்லாம் உண்மைதான், பெரிய தொலைநோக்கிய யுனிவர்சிட்டி இருக்கற காலாப்பட்டுல வைக்க முடியாது. வைக்க வேணாம். திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில காவலூர் இருக்கு, 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986ல இருந்து அங்க வேலை செய்யுது, யுரேனசுக்கு வளையம் இருக்குன்னு 1977ல உலகத்துக்கு தெரிய வந்தப்ப அத பதிவு பண்ண இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. ஊட்டியில 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி, மலைச்சரிவு அந்த ஊர் அட்சரேகைக்கு சமமா இருக்கற இடமா தேடிப் பிடிச்சு கட்டினது. ஆஸ்ட்ரோசாட் விண்வெளித் தொலைநோக்கி, சந்திரயான் ரெண்டோட டேட்டாவையும் இஸ்ரோ பொதுவுல குடுக்குது, ஒரு நல்ல கம்ப்யூட்டர் லேபும் சொல்லிக் குடுக்க ஆளும் இருந்தா காலாப்பட்டுல உக்காந்தே உருப்படியா ஆராய்ச்சி பண்ணலாம்.

இன்னொரு பெரிய வசதி, நம்ம இருக்கறது 12 டிகிரி வட அட்சரேகை. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல அந்த 12 டிகிரி உசரத்துலதான் நிக்கும், கைய நீட்டி முஷ்டி பிடிச்சா ஒரு முஷ்டிக்கு கொஞ்சம் மேல. அதே ஊர்ல தெற்க திரும்பினா ஏப்ரல் மே ராத்திரியில தென்சிலுவை நட்சத்திரக் கூட்டமும் ஆல்பா சென்டாரி நட்சத்திரமும் தெரியும், ஐரோப்பாவுல இருக்கறவங்க அதப் பாக்க கப்பலோ விமானமோ ஏறணும்.

மக்கள்கிட்ட போறதப் பத்தி சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை அதுதான். நாங்க சில பேர் லீவு நாள்ல கடலூர் தேவனாம்பட்டினம் பீச்சுல ஒரு ஆறு இன்ச் தொலைநோக்கிய வைப்போம். மோட்டார் எதுவும் கிடையாது, கையாலதான் நகத்தணும், மணல்ல பலகை போட்டு அது மேல வச்சாதான் சாயாம நிக்கும், ராத்திரி ஏற ஏற கண்ணாடியில பனி படியும், சின்னப் பசங்களுக்கு ஒரு ஸ்டூல். சனி கிரகத்த வச்சு விட்டா அர நிமிஷத்துல வட்டத்த விட்டு ஓடிடும். ஒரு நாள் படகு ஓட்டற பெரியவர் ஒருத்தர் கண்ண வச்சுக்கிட்டே "யம்மா, ஓடிக்கிட்டே இருக்குதே"ன்னாரு. அது ஓடல ஐயா, பூமி சுத்துது, நாமதான் நகர்றோம்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "போட்டுல போறப்ப கரை பின்னால போற மாதிரியா"ன்னாரு. ஆரியபட்டர் 499ல பூமி சுத்துதுன்னு சொல்ல எடுத்துக்கிட்ட உதாரணமும் இதே படகுதான். அவருக்கு அத சொன்னேன், பெருசா ஒண்ணும் சொல்லல, பேரன தூக்கி ஸ்டூல்ல நிக்க வச்சாரு.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்துக்கு கோயமுத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை பக்கமெல்லாம் வளையம் தெரிஞ்சுது, நமக்கு முக்காலுக்கு மேல கடிச்சது போக பிறைதான். எங்க தெருவுல நிறைய வீட்டுல கதவ சாத்திட்டு உள்ளயே இருந்தாங்க. வெளிய புங்க மரத்தடியில இலை சந்து வழியா விழற ஒவ்வொரு வெளிச்சமும் பிறை பிறையா தரை பூரா கிடந்துச்சு, முத ஒரு பாட்டி எட்டிப் பாத்தாங்க, அப்புறம் அவங்க மருமக, அப்புறம் அந்தத் தெருவே மரத்தடியில. இந்த வேலைய எங்கள மாதிரி ஆளுங்க ஆசைக்கு பண்றது ஒரு பக்கம் இருக்கட்டும், துறையில படிக்கற ஒவ்வொரு பையனும் பொண்ணும் ஒரு செமஸ்டராவது ஊருக்குள்ள போய் வானத்த காட்டணும், அதுக்கு மார்க்கும் இருக்கணும். ஏன்னு தெருவுல ஒருத்தர் கேக்கறப்பதான் தனக்கு புரிஞ்சுதா இல்லையான்னே தெரியும்.

துறை வர்ற வரைக்கும் ஒண்ணு பண்ணலாம். ஏப்ரல் 21 வாக்குலயும் ஆகஸ்ட் 21 வாக்குலயும் பாண்டி, கடலூருக்கு சூரியன் நேர் உச்சியில வரும், நிழல் இல்லா நாள். மத்தியானம் பன்னண்டே காலுக்கு கொஞ்சம் முன்ன ஒரு எவர்சில்வர் டம்ளர மொட்ட மாடியில கவுத்து வச்சுப் பாருங்க, நிழல் அப்படியே அடியில ஒளிஞ்சுக்கும். அதே நாள் கன்னியாகுமரியில ஒரு ஸ்கூல் ஒரு மீட்டர் கம்பிய தூக்குநூல் பிடிச்சு நேரா நட்டு அவங்க உச்சிவேளையில அளந்தா ஆறேழு சென்டிமீட்டர் நிழல் தெற்கால விழும், அது கோணத்துல நாலு டிகிரிக்கு கொஞ்சம் கம்மி. ரெண்டு ஊருக்கும் தெக்கு வடக்கு தூரம் சுமார் 430 கிலோமீட்டர். மீதிய பசங்களே போடட்டும், பூமியோட சுற்றளவு 40,000 கிலோமீட்டர் பக்கத்துல வரும். கன்னியாகுமரி, நாகர்கோவில் பக்கம் டீச்சருங்க யாராவது இத படிச்சீங்கன்னா வர்ற ஏப்ரலுக்கு சேந்து பண்ணலாம், எங்க பசங்க ரெடி. அப்படியே 2031 மே 21ல வளைய கிரகணம் கேரளா வழியா தென் தமிழ்நாட்டுக்குள்ள வருது, அதுக்கு நாங்க பசங்கள கூட்டிக்கிட்டு உங்க பக்கம்தான் வரணும்.