சிவப்பு நாற்காலி

அக்டோபர் 24, 2023
முட்டி அறுவைசிகிச்சைக்குப் பிறகு பன்னிரண்டாம் நாள். முட்டி 85 டிகிரிதான் மடங்குகிறது. 110 வரவேண்டும் என்கிறார் பிசியோ அம்மா. சொல்லும்போது சிரிக்கிறார். அழுத்தும்போதும்.

அக்டோபர் 25
பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆப்பிள் சைடர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்று கோச்சுக்கு 83" என்றார். எந்தக் கோச் என்று புளூமிங்டனில் கேட்கக் கூடாது. கூடைப்பந்துக் கோச் பாப் நைட்டை இந்தியானா பல்கலைக்கழகம் வீட்டுக்கு அனுப்பி 23 வருடம் ஆகிறது. அதற்கப்புறம் எத்தனையோ பேர் வந்துபோனார்கள். பெரியவருக்கு கோச் என்றால் இன்றும் அவர்தான்.

பரம எதிரியான பர்டூ பல்கலைக்கழக அணியைக் கேலி செய்ய நைட் ஒரு கழுதைக்குப் பர்டூ தொப்பி மாட்டி டிவி நிகழ்ச்சிக்குக் கூட்டிவந்த கதையை நாலாவது முறையாகச் சொன்னார். எனக்கும் நாலாவது முறையாகச் சிரிப்பு வந்தது.

அக்டோபர் 27
தூக்கமில்லை. அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். 1985 பிப்ரவரி 23, பர்டூவுடன் ஆட்டம். எதிரணிப் பையன் ஃப்ரீ த்ரோ போட நிற்கிறான். நைட் வீசிய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று அவன் முன்னால் தரையில் சறுக்கிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான், இரண்டு விநாடி இருக்கும். அன்றைக்கு இந்தியானா 72-63 என்று தோற்றது யாருக்கும் நினைவில்லை, நாற்காலிதான் நிற்கிறது. பிற்பாடு நைட் அதற்குச் சொன்ன விளக்கம்: எதிர்ப்பக்கம் ஒரு வயதான அம்மா நின்றுகொண்டிருந்தார், உட்காரட்டும் என்று போட்டேன்.

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். தண்ணீர் குடிக்கக் கீழே வந்த பையன், "இன்னும் இதையாப்பா பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு மேலே போய்விட்டான். தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது.

அக்டோபர் 28
இரண்டு தோசை. இரண்டிலும் பாதி.

அக்டோபர் 29
ஒரு வாரமாகவே இப்படித்தான். பயிற்சி முடிந்து வருகிறான், ஷூவைக் கழற்றுகிறான், மாடிக்குப் போகிறான். "என்னடா ஆச்சு?" "ஒண்ணுமில்லப்பா." மனைவியிடமும் அதே பதில்தான். அணித் தேர்வு அடுத்த வாரம், பதற்றமாக இருக்கும் என்கிறாள். பதற்றம் என்றால் போன வருடமும் இருந்தது. அப்போது மூன்று தட்டு சாப்பிட்டான்.

ஃபிரிட்ஜ் கதவில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு இருக்கிறது. ஜெயிக்க ஆசை எல்லோருக்கும் உண்டு, அதற்காகத் தயாராகும் ஆசைதான் முக்கியம். நைட் சொன்னதுதான். உடம்பைவிட மனசு நாலு மடங்கு முக்கியம் என்ற கணக்கும் அவருடையதே. தப்பென்று சொல்ல முடியவில்லை. 1976இல் அவருடைய இந்தியானா அணி 32 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் அதற்குப் பிறகு எந்த அணியும் அப்படிச் சாம்பியன் ஆகவில்லை. 1981, 1987 என்று மேலும் இரண்டு கோப்பைகள். கார் விபத்தில் உடல் செயலிழந்த தன் ஆட்டக்காரர் லேண்டன் டர்னருக்காகப் பணம் திரட்டியவரும் இதே மனிதர்தான்.

இன்னொரு வீடியோவும் உண்டு. 1997இல் பயிற்சியின்போது எடுத்தது. நைட்டின் கை நீல் ரீட் என்ற ஆட்டக்காரப் பையனின் கழுத்தில் இருக்கிறது. ரீட் சொன்னபோது நைட் மறுத்தார், ஊரும் அவர் பக்கம்தான் நின்றது. 2000இல் வீடியோ வெளியே வந்தது. ரீட் 2012இல், 36 வயதில் மாரடைப்பில் இறந்துபோனார். நாற்காலியை நூறு முறை பார்த்திருப்பேன். இதை ஒரே முறைதான்.

அக்டோபர் 31
ஹாலோவீன். வாக்கரின் கைப்பிடியில் மிட்டாய்க் கூடையைத் தொங்கவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். என் வேஷம் என்ன என்று ஒரு குட்டிச் சிலந்தி கேட்டது. தாத்தா என்றேன். நம்பிவிட்டது.

நவம்பர் 1
நைட் போய்விட்டார். இதே ஊரில், வீட்டிலேயே.

பெரியவர் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். விளக்குகூடப் போடவில்லை. அவள் சூப் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும், "பாவம்தான். ஆனா 88ல டிவி பேட்டியில பேசினதை நான் மறக்க மாட்டேன்" என்றாள். பாலியல் வன்முறையை உவமையாக்கிச் சொன்னாரே, அது. பேசிய பிறகு, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்றும் விளக்கம் கொடுத்தார்.

நவம்பர் 2
போனைத் திறந்தால் அவருடைய வசனங்கள்தான். விளையாட்டு நிருபர்களைப் பற்றிச் சொன்னது: எல்லோரும் இரண்டாம் வகுப்பில் எழுதக் கற்றுக்கொள்கிறோம், பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் பெரிய காரியங்களுக்குப் போய்விடுகிறோம். அப்புறம் 1994இல் மைக்கைப் பிடித்துச் சொன்ன கவிதை: நான் செத்தால் என்னைத் தலைகீழாகப் புதையுங்கள், என்னைத் திட்டியவர்கள் என் பின்புறத்துக்கு முத்தம் கொடுக்க வசதியாக இருக்கும்.

எல்லாம் நல்ல நகைச்சுவைதான். ஆனால் நேற்றிலிருந்து ஒன்று உறுத்துகிறது. நிருபர், கழுதை, நாற்காலி கேட்காத அந்த அம்மா: அவர் ஜோக் எதை எடுத்தாலும் பதில் சொல்ல முடியாமல் யாரோ ஒருவர் நிற்கிறார்கள். பெரியவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். இந்த வாரம் வேண்டாம்.

நவம்பர் 3
92 டிகிரி. பிசியோ அம்மா கைதட்டினார்.

நவம்பர் 5
குளிர்கால நேரத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்பியாகிவிட்டது. காத்திருக்க இன்னொரு மணி நேரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆறு மணிக்கே இருட்டு. பையன் வெளியே ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருக்கிறான். பந்து தரையில் மூன்று தட்டு, கொஞ்சம் மௌனம், வளையத்தில் டங். மறுபடி மூன்று தட்டு. நாற்பது வரை எண்ணினேன். வலையில் விழுகிற சத்தம் எப்போதாவதுதான்.

நவம்பர் 6
தேர்வு, முதல் நாள். "எப்படிடா?" "ஓகேப்பா."

நவம்பர் 7
இந்தியானாவுக்கு சீசனின் முதல் ஆட்டம், அசெம்பிளி ஹாலில். பெரியவர் பழைய சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். 2020 பிப்ரவரியில் நைட் இருபது வருடம் கழித்து அந்த அரங்குக்குத் திரும்பி வந்தாரே, அன்றைக்கும் இதைத்தான் போட்டுக்கொண்டு போனாராம்.

ராத்திரி பையன் தானாகவே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஐஸ் பையைச் சரிசெய்தான். பிறகு சொன்னான். அவனுடைய கோச் தினமும் யாராவது ஒருத்தரை வைத்து ஜோக் அடிப்பாராம். இரண்டு வாரமாக இவனைத்தான்.

"என்னன்னு?"

"விடுங்கப்பா. காமெடிதான். எல்லாரும் சிரிப்பாங்க."

"நீ?"

"நானும்தான்."

நவம்பர் 8
தண்ணீர் எடுக்கப்போனபோது ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு இல்லை. அவன் எடுத்தானா, அவள் எடுத்தாளா? கேட்கவில்லை. காந்தம் மட்டும் இருக்கிறது.

நவம்பர் 9
பட்டியல் நாலு மணிக்கு ஒட்டுவார்கள். இப்போது மூன்றே முக்கால். ஐஸ் உருகிவிட்டது, எழுந்துபோய் மாற்ற வேண்டும்.