புகையையும் வெள்ளத்தையும் ஒரே மனுவில் சேர்த்த அனுபவம்

எங்கள் குடியிருப்பை ஒட்டியிருக்கும் ஆலை விரிவாக்கத்துக்கு விண்ணப்பித்தபோது, ஆட்சேபம் சொல்ல மக்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்த அவகாசத்துக்குள் என்ன செய்தோம், எது பலன் தந்தது, எந்த இடத்தில் கஷ்டப்பட்டோம் என்பதை எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் இன்னொரு குடியிருப்புக்கு உதவினால் போதும்.

இடத்தின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு பக்கம் ஆலையின் புகைபோக்கிகளும் கழிவுநீர்க் குட்டைகளும். மறுபக்கம் கால்வாய். நடுவே தாழ்ந்த நிலத்தில் நாங்கள். பெரும்பாலானோர் வாடகைக்கு இருப்பவர்கள். அன்றன்று வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும். கோடையில் தகரக் கூரைக்கடியில் ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் வெக்கை. பெருமழை வந்தால் குட்டையும் கால்வாயும் ஒன்றாகி வீட்டுக்குள் வரும். அந்தத் தண்ணீரில் நின்றவர்களுக்குக் காலெல்லாம் அரிப்பு.

எங்களுக்கு இது எல்லாமே ஒரே துன்பம். அலுவலகங்களிலோ புகைக்கு ஒரு மேசை, வெள்ளத்துக்கு வேறொரு மேசை, உடல்நலத்துக்கு மூன்றாவது மேசை. வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால் இயற்கைச் சீற்றம் என்பார்கள். புகையைப் பற்றிக் கேட்டால் அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பார்கள். மழை நேரத்தில் குட்டைக் கழிவு வீட்டுக்குள் வருவதைக் கேட்க எந்த மேசையும் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே மனுவில் ஒன்றோடொன்று பிணைத்துக் கொடுப்பது என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்தோம். பின்னால் எடுத்த பல முடிவுகள் இதிலிருந்துதான் வந்தன.

முதல் வேலை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படிப்பது. தடித்த அறிக்கை, எங்களில் பலருக்குப் புழங்காத மொழி. அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தோம். அவர்கள் படித்து, மாலையில் சத்தமாகச் சொல்லச் சொல்ல, பெரியவர்கள் குறுக்கே கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகள்தான் அறிக்கையின் ஓட்டைகளைக் காட்டின. "காத்து எந்தப் பக்கம் அடிச்சப்போ அளந்தாங்க?" என்று ஒரு பாட்டி கேட்டார். புரட்டிப் பார்த்தால், காற்றின் தரத்தை ஒரே ஒரு பருவத்தில் மட்டும் அளந்திருக்கிறார்கள். அந்தப் பருவத்தில் காற்று எங்களிடமிருந்து ஆலைப் பக்கம் வீசும். புதிதாக வரப்போகும் புகையை மட்டும் கணக்கிட்டிருந்தார்கள். ஏற்கெனவே இருக்கும் ஆலைகள், லாரிகள், எரியும் குப்பை எல்லாவற்றோடும் சேர்ந்தால் எங்கள் நெஞ்சுக்குள் மொத்தம் எவ்வளவு போகும் என்ற கணக்கே இல்லை.

வெள்ளம் பற்றிய அத்தியாயம் இன்னும் மோசம். குட்டைகளின் கரை உயரத்தைப் பழைய மழைப் பதிவுகளை வைத்து நிர்ணயித்திருந்தார்கள். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. முன்பு நாள் முழுக்கப் பெய்த மழை இப்போது சில மணி நேரத்தில் கொட்டுவதற்கு இது முக்கியக் காரணம். பழைய மழைக்குக் கட்டிய கரை புதிய மழைக்கு எப்படித் தாங்கும்? 2017இல் ஹார்வி புயலின்போது டெக்சஸ் மாநிலத்தில் க்ராஸ்பி என்ற ஊரிலிருந்த ரசாயன ஆலைக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் போனது, குளிரூட்டிகள் நின்றன, குளிரில் வைக்காவிட்டால் தானே எரியக்கூடிய கரிமப் பெராக்சைடுகள் என்ற ரசாயனங்கள் அங்கே தீப்பிடித்தன. சுற்றியிருந்த மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. பணக்கார நாட்டிலேயே இதுதான் நிலை என்று மனுவில் எழுதினோம்.

அடுத்தது அளவீடு. 1990களின் நடுவில் கலிஃபோர்னியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகில் வாழ்ந்தவர்கள், பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துக் காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பிறகு லூசியானாவின் பெட்ரோ ரசாயன ஆலைப் பகுதி மக்களும் அதே வாளியைக் கையில் எடுத்தார்கள். எங்கள் காலத்தில் மலிவான சென்சார்கள் இருக்கின்றன. அவை லேசர் ஒளியைப் பாய்ச்சி, துகள்கள் சிதறடிக்கும் ஒளியை வைத்து பி.எம். 2.5 அளவை, அதாவது நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும் நுண்துகள்களின் அளவைக் கணிப்பவை. காற்றில் ஈரம் கூடினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும், சென்சாரும் கூட்டிக் காட்டும். எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்திருந்ததால், ஈரப்பதத்தையும் சேர்த்தே பதிந்தோம். பனி மூடிய விடியற்காலை அளவுகளைத் தனியே ஒதுக்கினோம். அடுப்புக்கும் சாலைக்கும் தள்ளி, ஆள் உயரத்தில் மாட்டினோம். ஆலையிலிருந்து எங்கள் பக்கம் காற்று வீசும்போது புகை எட்டாத இடத்தில், ஆலைக்கு அப்பால் ஒரு சென்சாரை ஒப்பீட்டுக்கென்றே வைத்தோம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தந்த வழிகாட்டுதலின்படி பி.எம். 2.5 ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 24 மணி நேரச் சராசரி 15ஐத் தாண்டக் கூடாது. ஈரமான நேரங்களைக் கழித்த பிறகும், அந்த 15க்குள் அடங்கிய நாட்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆலைப் பக்கமிருந்து காற்று வீசிய இரவுகளில் எங்கள் தெருவின் அளவு ஏற, ஒப்பீட்டுச் சென்சார் அசையாமல் இருந்தது. ஆலையைக் கைகாட்டியது இந்த வித்தியாசம்தான். தெருவின் அளவை மட்டும் கொண்டுபோயிருந்தால் சமையல் புகை என்று தள்ளியிருப்பார்கள்.

மிகக் கஷ்டமான பகுதி உடல்நலப் பதிவு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு: நாற்றம் எப்போது வந்தது, காற்று எந்தத் திசை, யாருக்கு இருமல், யாருக்கு மூச்சிரைப்பு, எத்தனை மணிக்கு. எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எழுதினார்கள். பயம்தான் பெரிய தடை. குடியிருப்பில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் அந்த ஆலையிலேயே ஒப்பந்தக் கூலி. "தம்பி, நோட்டுல எம் பேரு இருந்தா எம் மவன் வேலை போயிடும்" என்று ஓர் அம்மா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் பயந்தது சரிதான். நியாயம் கேட்பதற்காக ஒருவர் தன் சோற்றைப் பணயம் வைக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

இதைப் பற்றி நெடுநேரம் பேசினோம். கடைசியில் பெயருக்குப் பதில் எண் கொடுத்தோம். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வெளியே போகாது. எப்போது வேண்டுமானாலும் தங்கள் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மருத்துவச் சீட்டைக் காட்டுவது அவரவர் விருப்பம். ஆலை வேண்டாம் என்று மனுவில் எழுதவில்லை. உள்ளே வேலை செய்பவர்கள்தான் எங்களைவிட அதிகமாக அந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள், அவர்களுக்கு முகக்கவசமும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்பதைத் தனிக் கோரிக்கையாகச் சேர்த்தோம். அதற்குப் பிறகுதான் அந்த வீடுகள் கதவைத் திறந்தன. ஓர் இயக்கம் தன்னோடு இருக்கும் ஆகப் பலவீனமானவரைக் காப்பாற்றிய பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிள்ளையின் ஆஸ்துமாவுக்கும் புகைக்கும் தொடர்பு என்று எப்படி நிரூபிப்பது என ஒரு தாய் தளர்ந்துபோயிருந்தார். அவரிடம் எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்பவளைப் பற்றிச் சொன்னோம். லண்டனில் பரபரப்பான சாலை அருகே வாழ்ந்த சிறுமி. 2013இல், 9 வயதில், கடும் ஆஸ்துமாவால் இறந்தாள். அவளுடைய தாய் ரோசமண்ட் விடாமல் போராடியதால் மறுவிசாரணை நடந்தது. 2020 டிசம்பரில், காற்று மாசும் அவள் சாவுக்குக் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி பதிவுசெய்தார். கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தாய் மறுநாள் பிள்ளையின் மருத்துவச் சீட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

வெள்ளப் பதிவை எடுத்தவர்கள் பெண்கள். எந்த மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்பது சுவரில் கறையாக இருந்தது, அவர்கள் நினைவில் இன்னும் துல்லியமாக இருந்தது. வீடு வீடாக நாடாவால் அளந்து வரைபடத்தில் குறித்தோம். எந்தத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தது, எதில் அரிப்பு வந்தது என்பதையும் குறித்தபோது, குட்டைக் கரை உடையும் இடத்திலிருந்து பரவும் வழி தெளிவாகவே தெரிந்தது. அறிக்கையிலிருந்த வெள்ள வரைபடத்தில் அதே வீடுகள் பாதுகாப்பான பகுதி.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை வேலை நாளில் பகல் நேரத்தில் வைத்தார்கள். மாற்றச் சொல்லி எழுதினோம். நேரம் மாறவில்லை, ஆனால் வர முடியாதவர்களின் எழுத்து வாக்குமூலத்தை ஏற்க ஒப்புக்கொண்டார்கள். இதை எழுத்திலேயே வாங்கி வைத்தது பிறகு உதவியது. ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான் என்பதால் பிரித்துக்கொண்டோம்: ஒருவர் காற்றை மட்டும், ஒருவர் மழையை மட்டும், ஒருவர் குட்டையை மட்டும். கடைசியாக ஓர் அக்கா, கோடையின் ஒரு நாளையும் மழையின் ஓர் இரவையும் தன் வீட்டுக்குள் நடந்தபடி சொன்னார். அதுவரை தனித்தனியாகக் கேட்டவை எல்லாம் அவர் பேச்சில் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

விரிவாக்கத் தரப்பின் நிபுணர் எதிர்பார்த்தபடியே மலிவான சென்சார்களை நம்ப முடியாது என்றார். ஈரப்பதப் பதிவையும் ஒப்பீட்டு அளவையும் காட்டிவிட்டு, அப்படியானால் நம்பகமான கருவியை எங்கள் தெருவிலேயே வையுங்கள், செலவு உங்களுடையது என்றோம். அந்தக் கோரிக்கை கூட்டக் குறிப்பில் ஏறியது.

விண்ணப்பத்தை நிராகரிக்கவில்லை. அந்த ஏமாற்றம் பெரிது; சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், பி.சி.பி. நச்சு கலந்த மண்ணைத் தங்கள் ஊரில் கொட்டுவதை எதிர்த்துக் கறுப்பின மக்கள் லாரிகளின் முன் படுத்தார்கள். 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கிடங்கு அங்கேதான் வந்தது. ஆனாலும் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1987இல் இனமும் நச்சுக் கழிவும் பற்றிய நாடு தழுவிய ஆய்வு வந்தது, சுற்றுச்சூழல் நீதி என்ற கோரிக்கையே வலுப்பெற்றது. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019இல் தொடங்கிய முயற்சி, 2025 ஜூலையில் பருவநிலை மாற்றத்தில் நாடுகளுக்குள்ள கடமை பற்றிய சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தாக முடிந்ததையும் எங்கள் கூட்டத்தில் பேசினோம். தளர்ந்த வாரங்களில் இந்த வரலாறு எங்களைத் தாங்கியது.

எங்களுக்குக் கிடைத்தது இவ்வளவு: எல்லா ஆலைகளின் மாசையும் சேர்த்துக் கணக்கிட்டு, அண்மைக் கால மழையை வைத்து வெள்ள அத்தியாயத்தைத் திருத்தி, மதிப்பீட்டைத் திரும்பச் செய்ய உத்தரவு. தெருவில் ஒரு தரமான கண்காணிப்புக் கருவி. தொழிலாளர் பரிசோதனைக் கோரிக்கைக்கு இன்னும் பதில் இல்லை. அதற்குத் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது எங்கள் சென்சார்களை அந்தக் கருவிக்குப் பக்கத்திலேயே மாட்டி, இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டு, எங்கள் அளவை எவ்வளவு திருத்த வேண்டும் என்று சொல்லும் திருத்தக் காரணியைக் கண்டுபிடித்துவருகிறோம். அது கிடைத்தால் பழைய பதிவுகளையும் திருத்தி மறுபடி கொடுக்கலாம். அதனால்தான் மூலத் தரவில் ஒரு வரியையும் அழிக்காமல் மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம். மறு மதிப்பீடு வந்ததும் வெள்ள அத்தியாயத்தைத்தான் முதலில் திறப்போம்: மழைப் பதிவை எந்த ஆண்டுவரை எடுத்திருக்கிறார்கள், பெண்கள் அளந்த வீடுகள் வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கின்றன என்று பார்க்க.